ஐந்து யூனிட் குளிர்

கண்டியை ஒட்டிய அம்பிட்டியவில் நாங்கள் தங்கிய விடுதியில் காலை ஏழு மணிக்கும் போர்வை வேண்டியிருந்தது. பங்குனி மாதக் கடைசி. வடக்கே எங்கள் சுன்னாகத்தில் அந்த நேரத்துக்கே முற்றத்து மணல் சுடத் தொடங்கிவிடும். இங்கே யன்னலைத் திறந்தால், எதிர்ச் சரிவு வீடுகளின் கூரைகள் மட்டும் பனிமூட்டத்துக்கு மேலே தெரிந்தன. என் கணவர் சிவநேசன் தேநீர்க் கோப்பையோடு யன்னலடிக்கு நடந்து வந்தார். ஊன்றுகோலைக் கட்டிலடியிலேயே விட்டிருந்தார்.

அவருக்கு நரம்புகளின் மேலுறையைச் சிதைக்கும் ஒரு நோய். வந்து மூன்று வருடமாகிறது. குளிர்ந்த நேரத்தில் பார்ப்பவர்களுக்கு நோயாளி என்றே தெரியாது. உடம்பில் சூடு ஏறினால்தான் கால்கள் தளரும், இடக் கண் கலங்கும், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடம்பு குளிர்ந்தால் எல்லாம் மெல்லத் திரும்பி வரும். "பயப்பட ஒன்றுமில்லை, இது நிலைத்து நிற்காது" என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். பக்கத்தில் இருந்து பார்க்கிறவளுக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வராது.

அந்த மருத்துவரைப் பார்க்கத்தான் வருடத்தில் இரண்டு முறை கண்டிக்கு வருகிறோம். வருவோம், பார்ப்போம், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம். இந்த முறை புறப்படுவதற்கு முன்பே சிவநேசன் சொல்லிவிட்டார்.

"வாணி, உடன திரும்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிச் சுவரைப் பாத்துக்கொண்டு வாறன். ஒருக்கா விரிஞ்ச தண்ணியைப் பாக்க வேணும். கரையில நிண்டு இல்ல, நடுவில இருந்து."

மூன்று வருடத்தில் அவர் எதையும் இப்படிக் கேட்டதில்லை. நான் தேடத் தொடங்கினேன். விக்டோரியா நீர்த்தேக்கத்தில், தெல்தெனியவுக்குக் கிட்ட, தங்கும் படகு ஒன்று இருப்பது தெரியவந்தது. ஒரு பகலும் ஓர் இரவும், சாப்பாட்டோடு முப்பத்தெட்டாயிரம் ரூபாய். படகில் ஏசி இருந்தது. தொலைபேசியில் பேசிய படகுக்காரரிடம், "பகல் முழுக்க ஓடுமோ?" என்று கேட்டேன். கணவரின் நிலைமையைச் சொல்லி இன்னொரு தரமும் கேட்டேன். "ஓடுங்கக்கா. சோலார் போட்டிருக்கோம். நம்பி வாங்க" என்றார்.

ஒன்பது மணிக்கு வான் வந்தது. ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசியிருந்தோம். சாரதி நிஸார், கண்டியைச் சேர்ந்தவர், முப்பது வயதிருக்கும். அம்பிட்டியவிலிருந்து நகரத்துக்குள் இறங்கி, தென்னேக்கும்புறப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, குண்டசாலை, திகன வழியாகத் தெல்தெனிய. மொத்தம் முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. குண்டசாலை வரைக்கும் யன்னலைத் திறந்தே வந்தோம். அதற்குப் பிறகு நிஸார் தானாகவே கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டார்.

"திகனக்கு அங்கால சூடு வேற மாதிரி ஈக்கும், மேடம். கண்டின்டா குளிர்தானேன்னு நெனச்சி வாறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வந்து வேர்த்துப் போவாங்க."

"படகுக்கை ஏசி இருக்காம்," என்றேன்.

நிஸார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தண்ணிக்கு நடுவுல கரண்டு எங்கால வரும்?" என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "சோலார் போட்டிருக்கினமாம்," என்றேன்.

பிரதான வீதியிலிருந்து ஒரு மண் பாதை பிரிந்து இறங்கியது. வான் நின்ற இடத்திலிருந்து தண்ணீர்க் கரை வரை மண்ணில் வெட்டிய செங்குத்துப் படிகள். மழை குறைந்த காலமாதலால் நீர்மட்டம் தாழ்ந்திருந்தது. நீருக்கும் பச்சைக்கும் நடுவே சிவந்த மண் ஒரு பட்டையாகக் கரை முழுவதும் ஓடியது. சிவநேசன் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதி வழியில் நின்று திரும்பி மேலே பார்த்தார்.

"ஏறுறதைப் பற்றி நாளைக்கு யோசிப்பம்," என்றார்.

படகுக்காரர் செல்வம் கீழே காத்திருந்தார். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கத்தாரில் பெரிய கட்டடங்களுக்கு ஏசி பூட்டும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, கையில் இருந்ததை எல்லாம் இந்தப் படகில் போட்டிருக்கிறார். அவருடைய மனைவி புஷ்பம் வத்தேகமக்காரி. சமையலும் விருந்தாளிகளைக் கவனிப்பதும் அவருடைய பொறுப்பு. "வாங்கண்ணே, வாங்கக்கா, பாத்து வாங்க. பலகை ஆடும், ஆனா விழாது," என்று செல்வம் கை நீட்டி எங்களை ஏற்றிக்கொண்டார்.

படகு என்றால், இரண்டு நீண்ட மிதவைகளின் மேல் ஒரு தளம், தளத்தின் மேல் ஓர் அறை. முன்னாலும் பின்னாலும் திறந்த இடம். கூரை மேல் ஆறு சூரியத் தகடுகள். உள்ளே ஒரு கட்டில், இரண்டு கதிரைகள், மூலையில் இடுப்பளவு ஃப்ரிஜ், சுவரில் வெள்ளை ஏசி. அறை குளிர்ந்தே இருந்தது. சிவநேசன் கட்டிலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டதும்தான் எனக்கும் மூச்சு வந்தது.

பத்தரை மணிக்குப் புறப்பட்டோம். இயந்திரச் சத்தமே இல்லை. அதுவும் மின்சார மோட்டர் என்று செல்வம் சொன்னார். சத்தமும் பெற்றோல் மணமும் வேண்டாம் என்று ஜெனரேட்டர் வைக்கவில்லையாம். மோட்டர், ஏசி, ஃப்ரிஜ், விளக்கு, குளிக்கும் தண்ணீர் எல்லாம் ஒரே பற்றரியிலிருந்துதான்.

தண்ணீர் மோட்டர்களை விற்கும், திருத்தும் கடை நடத்திய மனிதர் சிவநேசன். மின்சாரம் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவ்வளவு பிடிக்கும் தம்பி?"

"நெறைஞ்சா அஞ்சு யூனிட்டுண்ணே. நம்ம வீட்டு மீட்டர்ல ஓடுமே, அதே யூனிட்டுதான். ஏசி ரூம் குளுந்த பொறகு ஒரு மணித்தியாலத்துக்கு அரை யூனிட் இழுக்கும். வெயில் நல்லா அடிச்சா தகடு அதைவிடக் கூடவே குடுக்கும். கரைக்குத் திரும்புறதுக்குன்னு ஒன்றரை யூனிட்ட மட்டும் நான் தொடமாட்டேன்."

"இப்ப எவ்வளவு கிடக்கு?"

செல்வம், பற்றரியின் அளவு காட்டும் தன் கைத்தொலைபேசியைப் பார்த்தார். "போதுமானது இருக்குண்ணே," என்றார். எண்ணைச் சொல்லவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் இரண்டு மணித்தியாலங்களும் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போயின. வடகிழக்கே ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மலைகள் நீல நிறத்தில் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள்ளிருந்து கிளைகளை நீட்டியிருந்தன. ஒவ்வொரு கிளையிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் சிவநேசன் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் கட்டிலில் இருந்துதான் பார்த்தார். கண்ணாடி மூச்சுப் பட்டு மங்கியபோது துவாயால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

ஒரு பாறைச் சரிவின் அடியில் நல்ல நிழல் இருந்தது. படகை அங்கே நிறுத்தலாமே என்று நான் கேட்டேன்.

"நிழல்ல நின்னா ரூம் குளுந்து கெடக்கும், ஆனா தகடுக்கு வெயில் கெடைக்காதுக்கா. நடுவுல நின்னாத்தான் கரண்டு வரும்," என்றார் செல்வம்.

சிவநேசனுக்குச் சிரிப்பு வந்தது. "குளிர் வேணுமெண்டு வெயிலைத் தேடிப் போறம்."

நீர்த்தேக்கத்தின் நடுவே, கரை எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில் தெரிந்த இடத்தில், நங்கூரம் போட்டோம். புஷ்பம் எரிவாயு அடுப்பில் சமைத்தார். சோறு, பருப்பு, முருங்கைக்காய், அன்று காலை பிடித்த திலாப்பியா மீன் பொரியல். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அறைக்குள் வெளிச்சம் குறைவதைக் கவனித்தேன். மலைப் பக்கமிருந்து மேகம் எழும்பி வந்து சூரியனை மூடியிருந்தது. வெளிச்சம் போனதே தவிர வெப்பம் போகவில்லை. காற்று நின்றுவிட்டது. தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது.

சாப்பாடு முடிந்ததும் புஷ்பம் ஃப்ரிஜை நிறுத்தினார். உள்ளே இருந்த தண்ணீர்ப் போத்தல்களை ஒரு வலைப்பையில் போட்டு, கயிற்றில் கட்டி, பின்தளத்திலிருந்து தண்ணீருக்குள் இறக்குவதைக் கண்டேன். செல்வம் கைத்தொலைபேசியைப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் மறுபடி பார்த்தார். அப்போது எனக்கு விளங்கியது.

வெளியே போய் மெதுவாகக் கேட்டேன். "எவ்வளவு கிடக்கு, தம்பி? சரியாச் சொல்லும்."

"ஒன்னு புள்ளி ஏழுக்கா."

"ஐஞ்சு எண்டீர்?"

அவர் முகம் வாடிவிட்டது. "நெறைஞ்சா அஞ்சு. நேத்து பூரா மூட்டம். நேத்து வந்தவங்க ராத்திரி முழுக்க ஏசி போட்டாங்க. காலையில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருந்துச்சு. இன்னிக்கு வெயில் அடிக்கும், பகல்லயே ஏத்திடலாம்னு நெனச்சேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. தப்புதான்."

"நான் ரெண்டு தரம் கேட்டனான்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் வேறு குரல் அப்போது என்னிடம் இல்லை.

"ஆமாக்கா. கேட்டீங்க."

இரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி ஏசியை நிறுத்த வேண்டியதாயிற்று. கரைக்குப் போக முக்கால் மணித்தியாலம். அதுவரை ஏசி இருக்காது. போய்ச் சேர்ந்தாலும் அந்தப் படிகள். தளர்ந்த காலோடு அவற்றில் ஏற முடியாது. கரையில் படகைக் கட்டினால் செல்வத்தின் கொட்டகையிலிருந்து ஒரு மின் இணைப்பு இருக்கிறதாம். ஆனால் அன்று பகல் அந்தப் பக்கம் மின்தடை என்று அறிவித்திருந்தார்கள், ஐந்து மணிக்குத்தான் வருமாம். தெரிந்த மீன்பிடிக்காரர் ஒருவரைக் கூப்பிடலாம் என்றார் செல்வம். அவருடைய தோணிக்குக் கூரை கிடையாது.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அறை சூடேறிவிட்டது. சுவர் மெல்லிய பலகை, மேலே தகரம். குளிர் வெளியேற அதிக நேரம் வேண்டியிருக்கவில்லை. சிவநேசன் எழும்பப் பார்த்தார். வலது கால் வரவில்லை. கையால் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"கண்ணும் கலங்குது," என்றார். "கலங்குது" என்ற சொல் பாதியில் வழுக்கியது.

துவாயை நீரில் நனைத்து அவர் கழுத்தில் போட்டேன். வெயிலில் சூடேறிய மேல்தண்ணீர், வெதுவெதுவென்று இருந்தது. அறையில் இருந்த சிறு மின்விசிறி சூடான காற்றைத்தான் சுழற்றியது. நான் அவருடைய சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டே, இனி ஒருநாளும் வீட்டை விட்டு இவரைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீர் பயப்பிடாதையும்," என்றார். "இது போயிடும்."

புஷ்பம் பின்தளத்துக்கு ஓடி, கயிற்றை இழுத்து, போத்தல்களை எடுத்து வந்தார். "இத வைங்கக்கா, சில்லுன்னு இருக்கு." சிவநேசன் ஒன்றை வாங்கிக் கழுத்தோடு அழுத்திப் பிடித்தார். கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஃப்ரிஜ்ஜுக்கை இருந்து எடுத்ததோ?"

"இல்லண்ணே, ஃப்ரிஜ்ஜ எப்பவோ நிப்பாட்டியாச்சு. தண்ணிக்குள்ள இருந்துச்சு. கயிறு பூரா விட்டிருந்தேன், அடியில நல்லாக் குளுந்து கெடக்கும்."

"கயிறு எவ்வளவு நீளம்?"

புஷ்பம் இரண்டு கைகளையும் விரித்து விரித்து அளந்து காட்டினார். ஏழெட்டுப் பாகம் வந்தது. சிவநேசன் செல்வத்தைப் பார்த்தார். அடுத்து அவர் சொன்னது குழறலாக இருந்தது. நான் மூன்று வருடமாக அந்தக் குழறலைக் கேட்டுப் பழகியவள். நான்தான் செல்வத்துக்குத் திருப்பிச் சொன்னேன்.

"குளிக்கிற தண்ணிக்கு என்ன மோட்டர் எண்டு கேக்கிறார்."

"கெணத்து மோட்டர்தாங்க. சின்னது. தண்ணிக்குள்ள தொங்க விட்டிருக்கேன். நூத்தம்பது வாட்."

"அதைக் கீழ இறக்கட்டாம். கயிறு போற ஆழத்துக்கு."

செல்வம் தயங்கினார். "அவ்வளவு ஆழத்துல இருந்து ஏத்தணும்னா மோட்டர் தெணறுமே. கரண்டும் கூட இழுக்கும்."

சிவநேசன் தலையை ஆட்டினார். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, தானே சொன்னார். "தம்பி, குழாய்க்கு உள்ளையும் தண்ணி, வெளியிலயும் தண்ணி. ரெண்டும் ஒரே மட்டத்தில நிக்கும். மோட்டர் எவ்வளவு கீழ கிடந்தாலும், தண்ணிக்கு மேல இருக்கிற உயரத்துக்குத்தான் அது தள்ள வேணும். இந்தத் தளம் என்ன, இடுப்பளவு. கஷ்டப்படாது."

செல்வம் ஒரு நொடி யோசித்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்தளத்துக்குப் போய்விட்டார். மோட்டரின் மின்கம்பி வாங்கிய நீளத்திலேயே சுருட்டி வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. தளம் கழுவும் குழாயை அதில் இறுக்கிக் கட்டி, கயிற்றில் மோட்டரை மெல்ல மெல்ல இறக்கினார். புஷ்பமும் நானும் சிவநேசனை இரண்டு பக்கமும் தாங்கி, பின்தளத்தில் கூரை நிழல் விழும் இடத்தில் கதிரையில் இருத்தினோம். கால்களுக்கு ஒரு பெரிய பேசின். தோளில் கட்டில் விரிப்பு.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் வந்தது. செல்வத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு குழாய்க்குள் கிடந்தது வெளியேறி, கீழிருந்த தண்ணீர் வந்தது. என் விரல்கள் சட்டெனச் சுருங்கின. பனிக்கட்டிக் குளிர் இல்லை. ஆழக் கிணற்றிலிருந்து வாளியில் அள்ளிய தண்ணீர் விடியற்காலையில் எப்படி இருக்குமோ, அந்த மாதிரி. விரிப்பின் மேல் ஓடி, முதுகில் இறங்கி, பேசினில் நிறைந்து, தளத்தில் வழிந்து நீர்த்தேக்கத்துக்கே திரும்பிப் போனது. சிவநேசன் முதலில் நடுங்கினார். பிறகு அசையாமல் இருந்தார்.

நாங்கள் மூவரும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணித்தியாலம் போயிருக்கும். வலது காலின் பெருவிரல் அசைந்தது. அது வேண்டுமென்றே அசைத்தது என்று காட்ட, அவர் மறுபடியும் அசைத்தார்.

"இவ்வளவு நேரமும் என்ர காலைத்தானே பாக்கிறியள்," என்றார். சொற்கள் தெளிவாக இருந்தன. "கொஞ்சம் தண்ணியையும் பாருங்கோவன்."

புஷ்பம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை.

அதற்குள் செல்வத்துக்கு வேறொன்று தோன்றியிருந்தது. அது அவருடைய தொழில் தந்த யோசனை. ஏசியின் வெளிப்பெட்டி பின்சுவரில் இருந்தது. அந்தப் பெட்டிதான் அறையின் சூட்டை வெளியே தள்ளுவது. சூடான காற்றில் தள்ளுவதற்குத்தான் மின்சாரம் அதிகம் வேண்டும். குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து, ஒரு பிளாஸ்டிக் போத்தலில் துளைகள் போட்டு, பெட்டியின் முதுகிலும் தகரக் கூரையிலும் தண்ணீர் வழிய விட்டார். பத்து நிமிடம் பொறுத்து ஏசியைப் போட்டார். புஷ்பம் ஒரு கம்பளியைக் கட்டி அறையைப் பாதியாக மறைத்தார், குளிர வேண்டிய இடம் குறையட்டும் என்று. செல்வம் கைத்தொலைபேசியை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். சாப்பாட்டு வேளையில் எழுநூறு வாட் இழுத்த ஏசி இப்போது நானூறுக்குக் கீழே நின்றது; மூட்டத்திலும் அந்த அளவைத் தகடுகளே கொடுத்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, ரூம் ரெடி. உள்ள வாங்க," என்றார்.

"நான் உள்ள வரேல்ல," என்றார் சிவநேசன்.

"இல்லண்ணே, இப்ப ஓடும். தைரியமா வாங்க."

"ஓடும் தம்பி, எனக்குத் தெரியும். நான் இதிலயே இருக்கிறன்."

அவர் நடுவில் இருந்தார். அவர் கேட்ட நடு. கண்ணாடி இல்லை, துடைக்கத் துவாய் தேவையில்லை. எல்லாப் பக்கமும் தண்ணீர், அதற்கப்பால் சிவந்த கரை, அதற்கு மேலே மலைகள். ஒரு நீர்க்காகம் படகுக்குக் கிட்டவே மூழ்கி, நாங்கள் எதிர்பாராத இடத்தில் மேலே வந்தது. அது அடுத்து எங்கே வரும் என்று அவரும் புஷ்பமும் பந்தயம் கட்டினார்கள். உள்ளே ஏசி யாருமில்லாத அறையைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் செல்வம் போய் அதை நிறுத்திவிட்டு வந்து, தளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"கத்தார்ல நாப்பது மாடிக் கட்டடத்துக்கு ஏசி பாத்தேன்கா," என்றார் என்னிடம். "அங்க ஒருநாளும் கரண்டு எவ்வளவு மிச்சம்னு நெனச்சதில்ல. இங்க நாள் பூரா அதே நெனப்புதான், ஆனாலும் உங்ககிட்ட உண்மையச் சொல்ல வாய் வரல. ஏசி இல்லைன்னா வரமாட்டாங்களோன்னு பயம்."

"சொல்லியிருந்தா நான் வந்திருக்கமாட்டன்," என்றேன். அதுவும் உண்மைதான். அப்படி நடந்திருந்தால் இந்தப் பிற்பகல் எங்களுக்கு இருந்திருக்காது. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. அவரும் அப்படிச் சொல்லவில்லை. "இனி வாற ஆக்களுக்குக் காலமையே எண்ணைச் சொல்லும், தம்பி. நிறைய இல்லாட்டி இல்லையெண்டு சொல்லும்." அவர் தலையசைத்தார். என் கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

நாலரை மணிக்கு மேகம் மேற்கே கொஞ்சம் விலகி, சாய்ந்த வெயில் தகடுகளில் விழுந்தது. இரண்டு யூனிட்டைத் தாண்டியதும் நங்கூரத்தை எடுத்தோம். கரையை அடையும்போது இடி முழங்கி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்கு மின்சாரம் வந்திருந்தது. அன்றிரவு கரையோரம் கட்டிய படகில், தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில், ஏசியே போடாமல் தூங்கினோம்.

மறுநாள் ஆறு மணிக்கு, வெயில் வருமுன், படிகளில் ஏறினோம். மழையில் மண் வழுக்கியது. செல்வம் முன்னால் போய் ஒவ்வொரு படியையும் மண்வெட்டியால் கொத்திக் கொடுத்தார். சிவநேசன் மூன்று இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறினார். மேலே நிஸார் வானோடு நின்றார். எங்களைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணிக்குள்ள கரண்டு இருந்திச்சா, மேடம்?" என்பதுதான். திகன வரும் வரைக்கும் சிவநேசன் அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தார். மோட்டரை எவ்வளவு ஆழத்தில் இறக்கினாலும் ஏன் பாரம் கூடாது என்பதை நிஸார் இரண்டு தரம் கேட்டு விளங்கிக்கொண்டார்.

கண்டியில் ஏசி பஸ் ஏறினோம். மாத்தளை, தம்புள்ளை தாண்டி, வவுனியாவுக்கு அப்பால் நிலம் தட்டையாகி வெளி வெளுத்துக்கொண்டு வந்தபோது, நான் வீட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் குளிருக்குக் குறைவில்லை. மின்சாரம் பெரும்பாலும் இருக்கும், நல்ல ஏசி, இரட்டைத் திரை போட்ட யன்னல். ஆனால் அந்தக் குளிர் ஓர் அறைக்குள் மட்டும்தான். மூன்று வருடமாக அவர் அந்த அறைக்குள் இருக்கிறார். நான் கதவுக்குக் காவல் இருக்கிறேன். படகில் இருந்தது கொஞ்சக் குளிர்தான். அது போதாது என்று தெரிந்தபோது நான்கு பேரும் சேர்ந்து தேட வேண்டியிருந்தது. கதவு என்ற ஒன்றே அந்தப் பின்தளத்தில் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமையாகிறது. மாலை நாலரை ஆனதும் சிவநேசன் கிணற்றடி மாமர நிழலில் கதிரையைப் போடச் சொல்கிறார். கிணற்று நீர் நிறைந்த பேசினில் கால், தோளில் ஈரத் துவாய், பக்கத்தில் ஒரு மேசை விசிறி. நேற்று அடுத்த வீட்டு நடராசா அண்ணர் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இவ்வளவு காலமும் அவர் வந்தால், குளிர் வெளியே போய்விடுமென்று அறைக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, நின்றபடியே இரண்டு வார்த்தை சுகம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார். நேற்று இன்னொரு கதிரையைத் தானே தூக்கி வந்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். நான் தேநீர் கொண்டு போனபோது, இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரே பேசினுக்குள் கால்களை வைத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய காணி வழக்கைப் பற்றிச் சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள்.